தரகர் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்



கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் நமக்கு எழுதுகிறவர்கள், நலம் விசாரித்து முடித்த கையோடு ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். கற்பிட்டிப் பக்கம் கடலோரமாக ஒரு துண்டுக் காணி வாங்க ஆசை, தரகருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? நேரான பதில் சின்னதுதான். இலங்கையில் காணி விற்பனைக்கு நடைமுறையில் இருக்கும் கொமிஷன், விற்ற விலையில் ஏறக்குறைய 3 வீதம். அதைக் கொடுப்பவர் வழக்கமாக விற்பவர். இவ்வளவோடு பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 3 வீதத்துக்குத் தரகர் என்ன வேலை செய்கிறார், எதைச் செய்வதில்லை, அவர் செய்யாததை யார் செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் பதில் முழுமையாகும். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நம் புத்தளம் மாவட்டத்தின் கரை தெற்கே மா ஓயாவில் தொடங்குகிறது. வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று ஏறி, பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில, கண்டக்குழி தாண்டி கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டை வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. தென்னந்தோட்டம், உப்பளம், மீன் வாடி, வெங்காயத் தோட்டம், 1980களில் வந்த இறால் பண்ணை என்று இந்த மண்ணுக்குப் பல பயன்கள் இருந்தன. 2009இல் போர் முடிந்த பிறகு சுற்றுலாவும் சேர்ந்துகொண்டது. ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க ஒரு கூட்டம், கப்பலடிக் களப்பில் காற்றாடிப் பலகையில் சறுக்க ஒரு கூட்டம், கற்பிட்டியைச் சுற்றியுள்ள 14 தீவுகளில் உல்லாச விடுதிகள் கட்டும் அரசுத் திட்டம். முன்பு ஏக்கர் கணக்கில் பேசிய காணியை இன்று பேர்ச் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். பேச்சு பேர்ச்சுக்கு இறங்கிவிட்டால் விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். விலை ஏறிய இடத்துக்குத் தரகரும் வந்துவிடுவார்.

நம் கரையில் தரகு பெரும்பாலும் பலகை மாட்டிய அலுவலகத் தொழில் அல்ல. முச்சக்கர வண்டி ஓட்டுபவர், விடுதி நடத்துபவர், சந்தியில் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் என்று யாரும் தரகராக இருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் விற்க நினைக்கிறார், எந்தக் காணிக்குப் பாதை இருக்கிறது, எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர் என்பதெல்லாம் ஊரில் புழங்குகிறவருக்குத்தான் தெரியும். ரொறொன்ரோவில் இருப்பவருக்கு அந்த அறிவை வேறு யாரும் கொடுக்க முடியாது. வெயிலில் நாலு காணி காட்டி, விற்பவரின் மூன்று சகோதரர்களையும் ஒரே நாளில் கூட்டிவந்து பேச உட்கார வைப்பது கடினமான வேலை. நேர்மையாக அதைச் செய்பவரின் கூலியில் பேரம் பேசாதீர்கள். பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுங்கள்.

அந்தக் கூலி எப்படி வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் இரண்டு முறைகள் இருக்கின்றன. முதலாவது, விற்ற விலையில் இத்தனை வீதம் என்று வெளிப்படையாகப் பேசுவது. இரண்டாவது, காணிக்காரர் தன் கைக்கு வரவேண்டிய தொகையை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் வருவதைத் தரகரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது. காணிக்காரர் 80 இலட்சம் போதும் என்கிறார், உங்களிடம் 1 கோடி சொல்லப்படுகிறது, நீங்களும் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் நின்ற 20 இலட்சம் நீங்கள் கொடுத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 3 வீதத்தில் கணக்குப் பார்த்தால் 3 இலட்சத்தோடு முடிந்திருக்கும். இந்த இரண்டாவது முறையில் வாங்குபவர் மட்டும் ஏமாறவில்லை. தன் காணியின் உண்மையான விலை தெரியாமல் விற்ற ஊர்க்காரரும் இழந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் என்று தெரிந்தவுடன் இந்த இடைவெளி அகலமாகிறது. ஊர்த் தரகர், நகரத் தரகர், கொழும்புத் தரகர் என்று சங்கிலி நீண்டால் இன்னும் அகலமாகும். சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் கடைசி நாளில் கொமிஷன் கேட்டு வந்து நிற்பார்கள்.

ஆகவே, விலை முடிப்பதற்கு முன் காணிக்காரரை நேரில் பாருங்கள், அல்லது உங்கள் சொந்தக்காரரை அனுப்பிப் பாருங்கள். தரகரை விலக்குவதற்காக அல்ல, விலையை அவர் முன்னாலேயே மூவரும் ஒன்றாகப் பேசிக்கொள்வதற்காக. யார் கொமிஷன் கொடுப்பது, எத்தனை வீதம், இரண்டு பக்கமும் வாங்குகிறாரா, எப்போது கொடுப்பது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறுதி எழுதி முடிந்த நாளில் கொமிஷன் என்பதுதான் நியாயமான ஏற்பாடு. முற்பணம் கைமாறிய அன்றே முழுக் கொமிஷனையும் வாங்கிவிட்டால், உறுதி வரை உங்களோடு வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

நம்மவர்கள் குடியேறிய நாடுகளில் இந்த உறவுக்கு எழுதப்பட்ட சட்டம் உண்டு. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டின் வீட்டு முகவர் சட்டம் இருக்கிறது. முகவர் விற்பவருக்காக வேலை செய்கிறார், விற்பவரே கூலி கொடுக்கிறார், முறைப்பாடு வந்தால் கேட்க ஓர் அமைப்பில் அவர் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முகவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், வாங்குபவருக்கென்றே தனி முகவரும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு முகவர் சங்கத்துக்கு எதிரான வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் முதல், வாங்குபவரின் முகவர் வீடு காட்டுவதற்கு முன்பே தன் கூலியை எழுதி ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களின் மனைகளையும் வீடுகளையும் விற்றுக்கொடுக்கும் முகவர்கள் தாங்களும் பதிவு செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் இத்தாலி. வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டியப் பக்கத்துக் குடும்பங்களில் இத்தாலியில் ஒருவராவது இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். வென்னப்புவவை குட்டி இத்தாலி என்றே அழைக்கிறார்கள். அங்கே வீடு வாங்கும் நம் ஊர்க்காரர், விற்பவர் கொமிஷன் கொடுப்பார் என்ற இங்கத்தைய எண்ணத்தோடு போனால் திகைத்துப்போவார். இத்தாலியச் சட்டத்தில் இடைத்தரகர் இரு பக்கத்துக்கும் பொதுவானவர், இரு பக்கமும் அவருக்குக் கொமிஷன் கொடுக்க வேண்டும். முறைப்படி பதிவு செய்திருந்தால்தான் அதைக் கேட்க அவருக்கு உரிமை. வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்த குறைகளை இரு தரப்புக்கும் சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். எந்த நாட்டில் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, இவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதே.

இலங்கையில் தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் உரிமப் பத்திரத்தை நம்பி நிற்கும் நிலை இல்லை. கறுப்புப் பணத்தைத் தடுப்பதற்காக, காணி வீட்டுத் தரகுத் தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளரின் அடையாளத்தையும் பணம் வந்த வழியையும் விசாரிக்க வேண்டும் என்று 2018இல் விதிகள் வந்தன. மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவு அதை மேற்பார்வை செய்கிறது. அது நாட்டுக்கான பாதுகாப்பு. உங்கள் காணிக்கான பாதுகாப்பை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கல்யாணத் தரகர் சாதகம் கொண்டுவருவார், பையன் தங்கம் என்பார். வீட்டுப் பெரியவர்கள் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, ஊருக்கு ஆள் விட்டு விசாரிப்பார்கள். காணி விஷயத்திலும் அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. தரகருக்குக் கொடுப்பது அறிமுகத்துக்கான கூலி. விசாரணைக்கான கூலியை வேறு மூவருக்குக் கொடுக்க வேண்டும்: நீங்களே தேர்ந்தெடுத்த சட்டத்தரணி, நொத்தாரிசு, நில அளவையாளர். நம் நாட்டில் சட்டத்தரணியும் நொத்தாரிசும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். நொத்தாரிசைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரின் வழமையான உரிமை, கட்டணமும் அவருடையதே. தரகர் தன் ஆளையே நொத்தாரிசாகவும் அளவையாளராகவும் கூட்டிவந்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை பேர். எல்லோரும் ஒருவரின் ஆட்கள் ஆகிவிட்டால் உங்களுக்காகப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டியது காணியை அல்ல, உங்களை. வாங்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தலை மட்டுப்படுத்தும் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டது. இலங்கைக் குடியுரிமை இல்லாத ஒருவருக்குக் காணியின் உரிமையை மாற்றிக் கொடுப்பதை அது தடுக்கிறது. வெளிநாட்டார் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் அதே தடை. வாரிசு வழியாக உறவினருக்கு வருவது, சில அடுக்குமாடி வீடுகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டவர் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம்.

இதில் நம்மவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். கற்பிட்டியில் பிறந்தவர், உடப்பில் பள்ளிக்கூடம் போனவர், பிரித்தானியக் குடியுரிமையை விரும்பி ஏற்றுக்கொண்டவுடன் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். காணிச் சட்டத்தின் கண்ணுக்கு அவரும் வெளிநாட்டவரே. 1987இல் வந்த திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற்றால் அந்தத் தடை நீங்கும். ஆகவே, காணி தேடுவதற்கு முன் இரட்டைக் குடியுரிமையை முடித்துக்கொள்ளுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்குத் தரகர் சுலபமான வழி ஒன்று சொல்வார். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்குங்கள், அல்லது உள்ளூர்க்காரருக்கு 51 வீதம் காட்டி ஒரு கம்பனி திறவுங்கள் என்பார். பெயருக்கு உடையவரான அந்த உள்ளூர்க்காரர் இறந்தாலோ கடன்பட்டாலோ மனம் மாறினாலோ, உங்கள் பணத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு தாளும் இருக்காது. கம்பனி வழியிலும், வெளிநாட்டார் பங்கு 20 ஆண்டுகளுக்கு 50 வீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றிப் போக வழி சொல்பவர், பிரச்சினை வந்த நாளில் உங்களோடு நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை.

அடுத்தது காணியின் வரலாறு. நம் மாவட்டத்தில் புத்தளம், சிலாபம், மாரவில ஆகிய இடங்களில் காணிப் பதிவகங்கள் உள்ளன. கற்பிட்டிக் காணியின் பதிவேடு புத்தளத்தில் இருக்கும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னால் போய், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு பதிவாகியிருக்கிறதா என்று தேட வேண்டும். பதிவேடு தேடாமலே உறுதி எழுதச் சம்மதம் என்று எங்காவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இந்தத் தேடலில் நம் பக்கத்தில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது பிரிக்கப்படாத பங்கு. தாத்தாவின் 5 ஏக்கர் தென்னந்தோட்டம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்காக வந்திருக்கும், நிலத்தில் எல்லை போட்டிருக்காது. கடலைப் பார்த்த மூலை என்று தரகர் காட்டுவார், உறுதியிலோ எட்டில் ஒரு பங்கு என்று மட்டும் இருக்கும். அந்த மூலை உங்களுடையது என்று சொல்ல, மற்றப் பங்காளிகளின் சம்மதமோ 1977ஆம் ஆண்டுப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கோ தேவைப்படும். அந்த வழக்குகள் தலைமுறை தாண்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்ற காணிகள் கற்பிட்டி, புத்தளம், முந்தல் பகுதிகளில் நிறைய உண்டு. மக்கள் அவற்றில் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கலாம், தென்னை காய்த்து முதிர்ந்திருக்கலாம். இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது. அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரணத் தாளில் எழுதி வாங்கியவர் வாங்கியது ஒரு தாளைத்தான். மூன்றாவது, கோயில், தேவாலய, பள்ளிவாசல் வக்பு காணிகள். இவற்றைப் பதிவேட்டில் மட்டும் தேடாமல் ஊரிலும் கேட்க வேண்டும். நான்காவது அனுபவ உரிமை. வேறொருவர் எதிரிடையாகத் தொடர்ந்து 10 ஆண்டுகள் ஆண்ட காணிக்கு, 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அவர் உரிமை கோரலாம். ஆகவே வேலிக்குள் யார் இருக்கிறார், தேங்காய் பறிப்பது யார் என்று பாருங்கள். வாங்கிய பிறகு நீங்களும் காணியைக் கவனிப்பாரின்றி விட்டுவைக்கக் கூடாது.

இனிக் கடல். கரையோரம் பேணல் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். சராசரி உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். களப்புப் பக்கத்துக்கும் தனியே எல்லைகள் உண்டு. வலயத்துக்குள் கட்டடம் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எவ்வளவு தூரம் பின்வாங்கிக் கட்ட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் 40 பேர்ச்சில் பாதி பின்வாங்கும் தூரத்துக்குள் போய்விட்டால், வீடு கட்டக் கிடைக்கும் இடம் மிச்சப் பாதிதான். விலை மட்டும் 40 பேர்ச்சுக்கும் கொடுத்திருப்பீர்கள். மாரவிலப் பக்கம் கடல் நிலத்தைத் தின்று வருவதை அங்குள்ளவர்கள் கண்ணீரோடு சொல்கிறார்கள். பழைய வரைபடத்தில் உள்ள எல்லைக் கல் இன்று அலைக்கு அப்பால் இருக்கலாம். அதனால் புதிதாக அளக்காமல் எந்தக் கரையோரக் காணியையும் வாங்காதீர்கள். அளவையாளர் கல் நடும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டு வாசகர்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில். அது தென்மேல் பருவக்காற்றுக் காலம். நம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், கரைவலை இழுப்பது நிற்கும். உடப்புப் பக்கத்துத் தொழிலாளர்கள் பலர் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் காணும் கடற்கரை ஆளில்லாமல் கிடக்கும், தரகரும் இங்கே யாரும் வருவதில்லை என்பார். ஒக்டோபர் கடந்து கடல் தணிந்ததும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் வலைக்காரரும் திரும்பி வருவார்கள். நீங்கள் வெறும் மணல் என்று நினைத்த இடம் அவர்களின் கரைவலைப் பாடாக இருக்கும். கடற்றொழில் திணைக்களம் அனுமதி கொடுத்து நடத்தும் தொழில் அது. வலை இழுக்கவும் மீன் பிரிக்கவும் வள்ளம் ஏற்றவும் அவர்களுக்கு அந்த மணல் வேண்டும், அங்கே போய்ச் சேரும் பாதையும் வேண்டும். கற்பிட்டித் தீவுகளில் சுற்றுலாத் திட்டம் வந்தபோது மீனவர்கள் எழுப்பிய குரலும் இதுதான்: வேலி போட்டால் நாங்கள் எங்கே வலையைக் காயவைப்பது? பணம் கொடுத்து வாங்கிய காணியின் முன்னால் அயலவரோடு பகை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. முடிந்தால் ஒரு முறை ஆகஸ்டிலும் ஒரு முறை டிசம்பரிலும் காணியைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் சம்மாட்டியோடும் பேசுங்கள். அந்தப் பேச்சு தரும் தகவல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்போது செலவுக் கணக்கு. 1 கோடி ரூபாய்க் காணி என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி, முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும். ஆக 3,000மும் 396,000மும் சேர்ந்து 399,000 ரூபாய். இதை வாங்குபவர் கட்ட வேண்டும். நொத்தாரிசின் கட்டணம் நடைமுறையில் 1 வீதத்தை ஒட்டி வரும், அதாவது 1 இலட்சம் அளவில். பதிவேடு தேடும் செலவும் அளவைச் செலவும் தனி. விலைக்கு மேல் குறைந்தது 5 இலட்சம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தரகரின் 3 இலட்சம் விற்பவரின் பக்கத்துச் செலவு. உங்களிடமும் கேட்டால், எதற்காக என்று கேளுங்கள். பத்திரங்களைத் தேடி எடுத்துத் தந்தார், பல நாள் அலைந்தார் என்றால் அதற்கு ஒரு தொகையைப் பேசிக் கொடுப்பதில் தவறில்லை. முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முத்திரை வரியை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்ற யோசனையும் வரும். ஏற்காதீர்கள். வரி நிர்ணயம் சந்தை மதிப்பைப் பார்த்தே நடக்கும், குறைத்து எழுதியது தெரிந்தால் மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். பின்னாளில் நீங்கள் விற்கும்போது, குறைத்து எழுதிய தொகைக்கும் விற்ற தொகைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் உங்கள் ஆதாயமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உள்ளாகும். வழக்கு என்று வந்தால் உறுதியில் எழுதிய தொகையைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும்.

பணத்தை அனுப்பும் வழியும் முக்கியம். வெளிநாட்டில் வசிப்பவரும் இரட்டைக் குடியுரிமை உள்ளவரும் இலங்கை வங்கிகளில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் வழியாகப் பணம் கொண்டுவரலாம். பிற்காலத்தில் காணியை விற்றால் பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்ல அதுவே நேரான பாதை. முற்பணமோ முழுத் தொகையோ காணிக்காரரின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தரகரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் பற்றுச்சீட்டை நம்பி முற்பணம் கொடுத்தவருக்கு, காணியை எழுதித் தரும்படி கேட்க அந்தச் சீட்டு உதவாது.

நேரில் வர முடியாதவர்கள் அற்றோனித் தத்துவம் கொடுப்பார்கள். அதை உங்கள் இரத்த உறவுக்கோ நீண்டநாள் நம்பிக்கைக்குரியவருக்கோ கொடுங்கள், தரகருக்குக் கொடுக்காதீர்கள். எல்லா அதிகாரமும் தருகிறேன் என்று எழுதாமல், இந்தக் காணி, இந்த விலைக்குள், வாங்குவதற்கு மட்டும் என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி நீக்கிவிடுங்கள்.

உறுதி எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. அதைப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், முதலில் எழுதி வாங்கியவரைவிட முதலில் நேர்மையாகப் பதிந்தவருக்கு நம் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய பிரதியைக் கையில் வாங்கும் வரை ஓயாதீர்கள். பிறகு பிரதேச சபையில் சோலைவரிப் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து விற்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காணியின் விலையை ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அண்மையில் அயலில் விற்ற விலையை விசாரியுங்கள், தேவையானால் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் மதிப்பறிக்கை எடுங்கள். என் கைக்கு இவ்வளவு போதும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். விற்ற விலையில் இத்தனை வீதம் உங்களுக்கு என்று தரகரிடம் நேராகச் சொல்லுங்கள். தாய்மார் பெயரில் சீதனமாக வந்த காணியை விற்கும்போது, அந்தத் தாய் பேச்சு நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு முறை போன கடற்கரைக் காணி திரும்பி வருவது அரிது.

தரகுத் தொழில் செய்யும் வாசகர்களும் நமக்கு உண்டு. இந்தப் பக்கம் உங்களுக்கு எதிரானதல்ல. கொமிஷனை வெளிப்படையாகப் பேசுங்கள், காணியின் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள், நொத்தாரிசைத் தேர்ந்தெடுப்பதை வாங்குபவரிடம் விடுங்கள். அப்படி ஒரு காணியை முடித்துக் கொடுத்தால், அந்தக் குடும்பம் ரொறொன்ரோவில் உள்ள பத்துக் குடும்பங்களுக்கு உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கும். தரகருக்கென ஒரு பதிவு முறையும் முறைப்பாடு கேட்கும் அமைப்பும் நம் நாட்டில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு அதனால் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. அதைக் கேட்டு முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்களும் நீங்களே.

வெளிநாட்டில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு துண்டு மண் வாங்க நினைப்பது நல்ல ஆசை. அந்த ஆசைக்குக் கைகொடுப்பவர் தரகர், அந்தப் பணத்துக்குக் காவல் நிற்பவர் சட்டத்தரணி. இருவருக்கும் அவரவர் கூலியைக் கொடுங்கள், ஒருவரின் வேலையை மற்றவரிடம் ஒப்படைக்காதீர்கள். வாங்கும் முடிவை எடுத்திருப்பவர்கள், அடுத்த விமானச் சீட்டைப் பதிவு செய்வதற்கு முன் இரண்டு வேலைகளை முடியுங்கள்: உங்கள் குடியுரிமைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், உங்களுக்கென ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொள்ளுங்கள். காணியைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்